பறக்கும் ஆய்வுக்கூடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

விஞ்ஞானம் வளர வளர வானமும் நமக்கு வாசற்படியாகி வருகிறது. வயலுக்கு மருந்து தெளிக்கவும், நிலத்தை அளக்கவும், கலியாணத்தைப் படம் பிடிக்கவும் இன்று டிரோன் வருகிறது. அதை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் நாமும் நிற்கிறோம். "நாமே ஒன்றைக் கட்டினால் என்ன?" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது: "கலைக் கல்லூரி மாணவனுக்கு அது எதற்கு? அது பொறியியல் கல்லூரிக்காரர்களின் வேலை!"

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நான்கு விசிறி கொண்ட ஒரு சிறு டிரோன் நம் இயற்பியல் துறைக்கு மிகவும் ஏற்ற ஆய்வுக்கூடம். அதை நம் துறையே வாங்கிக் கொடுத்து, மாணவர்கள் கூட்டாகக் கட்ட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அன்றும் இன்றும்

நான்கு சுழலி கொண்ட பறக்கும் எந்திரம் புதிதன்று. 1907-லேயே பிரான்சில் பிரெகே சகோதரர்கள் ஒன்றைக் கட்டினார்கள். அது மனிதனைத் தரையிலிருந்து தூக்கியது. ஆனால் கவிழாமலிருக்க நான்கு மூலையிலும் ஆள் நின்று பிடிக்க வேண்டியிருந்தது! 1924-இல் அதே நாட்டின் எமிசென் என்பவரின் எந்திரம் ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்தது. ஆயினும் இம்முறை வளரவில்லை. ஏன்? நான்கு சுழலிகளின் வேகத்தையும் நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்க மனிதக் கைக்கு வேகம் போதாது.

அந்த வேலையை இன்று நகமளவுச் சில்லுகள் செய்கின்றன. செல்பேசிக்கும் வீடியோ விளையாட்டுக்கும் செய்யப்பட்ட நுண்ணிய கைரோஸ்கோப்புகள் விலை மலிந்தன. ஒரு விளையாட்டுக் கருவியின் கைரோவைக் கழற்றி டிரோனில் பொருத்தியவர்கள் உண்டு. 'மல்டிவீ' என்ற கட்டுப்பாட்டு நிரலின் பெயரே அப்படிப் பிறந்ததுதான். 'ஆர்டுபைலட்' போன்ற நிரல்களை யாரும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம். அறிவுக்குப் போட்டிருந்த பூட்டு திறந்து கிடக்கிறது. உள்ளே போகத் தயங்குவது யார் குற்றம்?

பாடப்புத்தகம் பறக்கிறது

டிரோனின் இரண்டு விசிறிகள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. நான்கும் ஒரே பக்கம் சுழன்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடல் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கிவிடும். முன்னே செல்ல வேண்டுமானால் பின் விசிறிகள் வேகம் கூட்டி, உடலை முன்பக்கம் சாய்க்கின்றன.

கைரோ கோணத் திசைவேகத்தை அளக்கிறது. அதைத் தொகையிட்டால் கோணம் கிடைக்கும். ஆனால் சிறு பிழைகளும் சேர்ந்து பெருகும். முடுக்கமானிக்குக் கீழ்த்திசை தெரியும். ஆனால் மோட்டாரின் அதிர்வில் அது தடுமாறும். இரண்டின் சொல்லையும் கலந்து உண்மையைக் கணிக்கிறது கட்டுப்பாட்டுப் பலகை. நுண்கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் நண்பர்களே, இதற்குத்தான்!

திசைகாட்டியையும் ஜி.பி.எஸ். கருவியையும் ஏன் ஒரு சிறு கம்பத்தின் மேல் உயர்த்தி வைக்கிறார்கள்? மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் எர்ஸ்டெட் கண்டார். மோட்டாருக்குப் போகும் கம்பிகளுக்கு அருகில் வைத்தால் டிரோன் திசை தவறும். நம் ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் செய்யும் சோதனைதான் அங்கே வானில் நடக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

தொடங்குபவர்கள் பலரும் காமிராவையும் தானியங்கி ஓட்டியையும்தான் முதலில் நினைக்கிறார்கள். அவை இரண்டும் கடைசியில் வரவேண்டியவை என்பேன்.

முதற்படி கணினி. ஆர்டுபைலட் நிரலையே கணினிக்குள் ஓட்டி, இல்லாத டிரோனைப் பறக்கவிட்டுப் பழகலாம். செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது கணக்கு. எல்லாம் சேர்த்து எடை 1.2 கிலோ என்றால், மோட்டார்களின் மொத்த உந்துவிசை அதைப் போல் இருமடங்காவது, அதாவது 2.4 கிலோ தூக்கும் அளவு இருக்க வேண்டும். ஒரு மோட்டாருக்கு 600 கிராம். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் எண்பது விழுக்காட்டைச் செலவிட்டு, சராசரி 15 ஆம்பியர் இழுத்தால் ஏழு நிமிடம் பறக்கும். வாங்குமுன் இக்கணக்கைப் போட்டவனுக்குப் பணம் வீணாகாது.

மூன்றாவது கட்டுதல். சட்டம், மோட்டார்கள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், பலகை, ரேடியோ இவற்றை இணைத்து, விசிறி மாட்டாமலே சோதிக்க வேண்டும். மோட்டார் தவறான பக்கம் சுழன்றால் அதன் மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றிப் பற்றவைத்தால் போதும். வேகமாகச் சுழலும் விசிறி விரலை வெட்டிவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரி நசுங்கினாலும், அளவு மீறிச் சார்ஜ் ஏறினாலும் தீப்பிடிக்கும். இவ்விரண்டிலும் அலட்சியம் கூடாது.

நான்காவது, திறந்த மைதானத்தில், ஆள் உயரத்தில், கையாலே ஓட்டிப் பழகுவது. ஜி.பி.எஸ். கைவிட்ட நேரத்தில் டிரோனைத் தரையிறக்கப் போவது இந்தக் கைதான். அதன்பின் தானியங்கி ஓட்டி: உயரம் காத்தல், நின்ற இடத்தில் நிற்றல், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பல், குறித்த வழியில் செல்லல் என ஒவ்வொன்றாக.

இறுதியில் காமிரா. படம் அனுப்பப் பெரிதும் பயன்படும் 5.8 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். மரமும் சுவரும் அதை எளிதில் மறைக்கும். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் ஒலிபரப்பி கருகிவிடும். திரைக்கண்ணாடி அணிந்து ஓட்டுபவனுக்குப் பக்கத்தில், டிரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தோழன் வேண்டும்.

பணமும் சட்டமும்

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்பொருள்களைத் தனியாக வாங்க வேண்டுமானால் என் தந்தை பல வாரக் கூலியை எடுத்து வைக்க வேண்டும். நம் வகுப்பில் பலர் நிலை இதுவே. ஆர்வம் இருந்தும் விலையைக் கேட்டு விலகிப் போகிறோம். பிறகு "கலைக் கல்லூரி மாணவருக்கு ஆர்வமில்லை" என்ற பழியும் நம்மேலே விழுகிறது! ஒரு துறைக்கு ஒரு தொகுதி இருந்தால் போதும். ஆண்டுதோறும் புதிய அணி அதைக் கழற்றி மீண்டும் கட்டும். உடைவது விசிறிதான், அதன் விலை சிறிது.

சட்டமும் நமக்கு இடம் தந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக, பச்சை மண்டலத்தில், தம் பொறுப்பிலுள்ள திறந்தவெளியில் பறக்கவிட்டால், வகைச் சான்று, பதிவெண், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றிலிருந்து விலக்கு அளித்தன. பறக்கவிடுமுன் நடப்பு விதியையும் மண்டல வரைபடத்தையும் துறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் அயல்நாட்டு டிரோன்களை இறக்குமதி செய்யத் தடை வந்தபோதும் உதிரிப் பாகங்களுக்குத் தடை போடவில்லை. வாங்கத் தெரிந்தவனைவிடக் கட்டத் தெரிந்தவனுக்கே இது காலம்.

இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியலில் பட்டம் பெற்ற பின்பே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார். இயற்பியல் வகுப்பிலிருந்து வானத்துக்கு வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பேராசிரியப் பெருமக்களே! வரும் ஆண்டில் துறைக்கு ஒரு தொகுதி வாங்கித் தாருங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வையுங்கள். மாணவ நண்பர்களே! கணினிப் படிக்குக் காசு வேண்டாம். அதை இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.