ஐயாயிரவரில் ஒன்பதின்மர்

இராக் நாட்டில், திஜ்லா நதியின் இடக்கரையில், அமாரா என்னும் ஊரில் இந்தியப் போர்வீரர்க்கென ஓர் அடக்கவிடம் உண்டு. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் இன்னார் என அடையாளம் காணப்பட்டோர் 9 பேர். அச்சுப் பிழையன்று, ஒன்பதின்மரே. ஏனையோரை எவ்விடத்தில், எவர் அருகில் எவரைப் புதைத்தோம் என்று முறையாகக் குறித்து வைக்க அன்றைய இராணுவ அதிகாரிகள் முற்படவில்லை.

போரில் மனிதர் காணாமற் போவது வழக்கந்தானே என்பர். மெய்தான். ஆனால், காணாமற் போனவனைத் தேடுவதா, விட்டுவிடுவதா என்பதை முடிவு செய்வது பீரங்கியன்று. மேசையருகே அமர்ந்திருக்கும் மனிதன்.

மாண்டோரின் நினைவைக் காப்பதற்கென்று பிரிட்டிஷ் பேரரசு 1917-ல் ஓர் ஆணையத்தை நிறுவியது. பதவி, செல்வம், குலம் எதனாலும் வேற்றுமை பாராட்டோம். எல்லார்க்கும் ஒரே மரியாதை என்பது அதன் கொள்கை. அழகிய கொள்கை! பிரான்சில் நவ்ஷபேல் என்னுமிடத்தில் 1927-ல் அவ்வாணையம் திறந்த நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர்களின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டன. ஈராண்டு கழித்து, 1929-ல், பஸராவில் 40,000-க்கும் மேற்பட்டோர்க்காக எழுப்பப்பட்ட நினைவகத்திலோ ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர் உண்டு; இந்தியப் படை அதிகாரியின் பெயர் உண்டு; சாதாரண இந்தியச் சிப்பாய் மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கையாக நின்றான். அதே ஆணையம், அதே போர், அதே சிப்பாய்! பிரான்சுக்கு உலகம் வந்து பார்க்கும். பஸராவுக்கு யார் வரப்போகிறார் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. ஆப்பிரிக்கரின் நிலை இதனினும் இழிவு. 1923-ல் தங்கக் கரையின் ஆளுநர், அந்நாட்டுச் சாமானியனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை விளங்காது என்று கூறிவிட்டார். அவனுடைய தாயை யார் கேட்டார்கள்?

அவ்வாணையத்தின் உறுப்பினருள் ஒருவர் கவிஞர் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் 1915 செப்டம்பரில் லூஸ் போரில் காணாமற் போனான். தந்தை பல்லாண்டுகள் விசாரித்தலைந்தார். உடன் போரிட்டோரைத் தேடித் தேடிக் கேட்டார். அத்துயரை நாம் எள்ளமாட்டோம். மகனை இழந்த தந்தை எம்மதத்தவராயினும் தந்தையே. ஆயினும், நைரோபியில் ஆப்பிரிக்கச் சுமைகூலிகளுக்கும் சிப்பாய்களுக்கும் எழுப்பப்பட்ட, ஒரு பெயரும் பொறிக்கப்படாத சிலைக்கு வாசகம் எழுதித் தந்தவரும் அவரே என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

2021 ஏப்ரலில் அவ்வாணையமே தன் பிழையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவேயில்லை அல்லது அறவே விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு தாமதம், ஆயினும் கேட்டுவிட்டார்கள். நாம் கேட்டோமா?

இங்கே நம்மவர் சிலர் சினங்கொள்வர். "கலீஃபாவின் படைக்கெதிராக வெள்ளையனுக்குத் துப்பாக்கி தூக்கிய கூலிப்பட்டாளத்துக்கு நாம் ஏன் அழவேண்டும்?" என்பர். இக்கேள்வியை மேடையிலும் கேட்டிருக்கிறோம். மௌலவிமார் வாயிலும் கேட்டிருக்கிறோம். அக்கூலிப்பட்டாளம் யார்? தண்ணீர் சுமந்தவன், சோறு சமைத்தவன், கோவேறு கழுதை ஓட்டியவன், பிழைப்புத் தேடிப் பட்டாளத்திற் சேர்ந்தவன். இராக்கில் பணியாற்றிய சென்னை ஸாப்பர் படையிலே, 'தம்பி'கள் என்று பேர்பெற்ற அப்படையிலே, நம் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தனர். குத் நகரில் 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர். சிறைப்பட்டுப் பாலையில் நடத்திச் செல்லப்பட்டோரில் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. ஓட்டிச் சென்றது நாம் போற்றும் அதே உஸ்மானியப் படைதான் என்பதையும் மறைக்கலாகாது. துருக்கியரோடு போரிட அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் சேர்ந்து 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கலகம் செய்த முஸ்லிம் சிப்பாய்களில் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏழைக்கு இருந்த வழிகள் இவையே.

அதே காலத்தில் அதே அரசிடம் 'கான் பகதூர்' பட்டம் பெற்ற பிரமுகர்களின் பெயர்களோ நம் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் சலவைக்கல்லில் ஒளிர்கின்றன. அவர்களிடம் எவரும் கிலாஃபத் கணக்குக் கேட்டதில்லை!

ஒரு போர் முடிந்தபின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், எவரையேனும் காணவில்லையா என்று தோழர்களிடம் வினவினார்கள். தோழர்கள் சிலர் பெயரைச் சொன்னார்கள். மீண்டும் வினவ, மீண்டும் சிலரைச் சொன்னார்கள். மூன்றாம் முறை, வேறெவருமில்லை என்றார்கள். தமக்கு ஜுலைபீபைக் காணவில்லை, அவரைத் தேடுங்கள் என்றார்கள் அண்ணலார். தாம் வீழ்த்திய எழுவரின் அருகே அவர் உயிரற்றுக் கிடந்தார். கபர் தோண்டி முடியும்வரை அந்த உடலை ஏந்தியிருந்தவை அண்ணலாரின் கரங்களே. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. எவரும் 'இல்லை' என்று எண்ணாத ஓர் எளியவர் அவர்.

ஜுலைபீப் (ரலி) ஷஹீத். சம்பளச் சிப்பாயை அவரோடு ஒப்பிடலாமா என்று கேட்கவேண்டாம். மறுமையின் தரத்தை நாம் அளக்கவில்லை. அது அல்லாஹ்வின் தீர்ப்பு. தேடலைப் பற்றியே பேசுகிறோம். அந்த ஹதீஸில் வரும் 'ஃபகத' என்ற வினையிலிருந்தே 'மஃப்கூத்', அதாவது காணாமற் போனவன், என்ற பிக்ஹுச் சொல்லும் பிறந்தது. அவனுடைய சொத்தைப் பங்கிடாமல், உறுதியான செய்தியோ தீர்ப்போ வரும்வரை அவனை உயிருள்ளவனாகவே பிக்ஹு கருதுகிறது. அவன் மனைவி நான்காண்டு காத்திருக்க வேண்டும் என்ற ஹளரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை இமாம் மாலிக் ஏற்றார். நம் நாட்டின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்திலும் அந்நான்காண்டு இடம்பெற்றது. மதரஸாவில் அப்பாடத்தை நாம் வெறும் பாகப்பிரிவினைக் கணக்காகவே ஓதி முடித்தோம். காணாமற் போகிறவன் யார், அவன் வாசலில் காத்திருந்தவள் யார் என்று உஸ்தாதும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அப்போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கு வட்டமான வெண்கலத் தகடொன்று அனுப்பப்பட்டது. அதில் பதவி இராது. பெயர் மட்டும் இருக்கும். பரணிலோ பழைய பெட்டியிலோ அத்தகையதொரு தகடோ, பட்டாளத்துக் காகிதமோ கிடந்தால், பழைய பாத்திரக்காரனுக்கு எடை போடுமுன் அதிலுள்ள பெயரைப் படியுங்கள். வீட்டு மூத்த பெண்மணிகளிடம், "பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர் இருந்தாராமே?" என்று கேளுங்கள். சொன்ன பெயரை, தகப்பனார் பெயரோடும் தெருவோடும், உங்கள் ஜமாஅத் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் முத்தவல்லி இருந்தால், ஜுலைபீபின் ஹதீஸை அவருக்கு ஓதிக் காட்டுங்கள்.