பேறுகாலத்துக்குப் பிறகும் பெண் இருக்கிறாள்

வண்ணார்பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஆஸ்பத்திரி போர்டு கண்ணில் படும். பிரசவம், குழந்தையின்மை, லேப்ராஸ்கோப்பி என்று எழுதாத போர்டுகள் குறைவு. கொஞ்சம் தள்ளிப் போனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு பெரியாஸ்பத்திரி. இவ்வளவும் பக்கத்தில் இருக்கிற ஊரில், ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர், கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவையாவது பெண் மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

“இது ஆம்பிளை எழுதுகிற விஷயமா?” என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளையும், போக ஆட்டோவையும், கட்டுகிற பணத்தையும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் நாம்தானே முடிவு செய்கிறோம்?

முதலில் பெருமைப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆச்சிமார் காலத்தில் பேறுகாலம் என்றால் செத்துப் பிழைப்பது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்கள் இந்தியா முழுமைக்கும் 97 பேர், தமிழ்நாட்டில் 54. இருபது வருஷத்துக்கு முன் நம் மாநிலத்திலேயே இது நூற்றைத் தாண்டித்தான் இருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம். எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று உண்டு. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று விசாரணை நடக்கும். கலெக்டர் வரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது இன்னொரு கணக்கு. இந்தியாவில் ஓர் ஆண்டில் பேறுகாலத்தில் இறக்கும் பெண்கள் சுமார் 24 ஆயிரம் பேர் என்பது 2020-க்கான ஐ.நா. மதிப்பீடு. அதே இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பவர்கள் ஆண்டுக்கு 75 ஆயிரத்துக்கும் மேல். மூன்று மடங்கு. இந்த மரணங்களுக்கு எந்தக் கலெக்டரும் விசாரணை வைப்பதில்லை. “பாவம், வயிற்றில் கட்டியாம்” என்பதோடு முடிந்துபோகிறது. பிள்ளை பெறுகிற வரைக்கும் பெண்ணின் உடம்பு அரசாங்கத்துக்கும் குடும்பத்துக்கும் கவலை. பெற்று முடித்த பிறகு அது அவள் பாடு.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மை இருந்தாள். தீட்டு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. “எனக்குத் திரும்ப வயசு வந்திருக்கு போல” என்று மதினியிடம் சிரித்துக்கொண்டே சொன்னவள், துணியை மறைத்துத் துவைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினாள். பிள்ளைகளுக்குத் தெரிந்தபோது இடுப்பு வலி தாங்காமல் படுக்கையில் விழுந்திருந்தாள். ஆறு மாதம் கூட இருக்கவில்லை. அவள் வீட்டில் சர்க்கரை பார்க்கிற மிஷின் இருந்தது. பெரியப்பாவுக்கு மாதாமாதம் பிரஷர் பார்ப்பார்கள். அவளிடம் ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கும் மற்ற புற்றுநோய்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றி, செல்கள் மாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பெரிய ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்துவிடலாம். இவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோய்கள் அதிகம் இல்லை.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடந்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. கிராமம் கிராமமாக 30 முதல் 59 வயதுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பரிசோதனை என்ன தெரியுமா? நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் மாதிரி ஒன்று. அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் விட்டு விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கிற சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது புற்றுநோய் வந்தது 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் இது வெளிவந்து உலகமே பேசியது. இரண்டு வருஷம் கழித்து மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வு, எச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒரு தடவை செய்தாலே இறப்பு ஏறக்குறைய பாதியாகும் என்று காட்டியது.

தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். இந்தியாவிலேயே இது நல்ல கணக்கு என்பதுதான் வேதனை. வழி இருக்கிறது, போகிற ஆள் இல்லை.

ஏன் போவதில்லை? கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம்: “போனால் கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க.” இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். சின்ன நார்க்கட்டி தெரிந்தாலே “இனிமே எதுக்கு, எடுத்துடலாம்” என்று சொல்லுகிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. சாதாரண நார்க்கட்டிகள் தீட்டு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகச் சுருங்கும். அடியிறக்கத்துக்குக் கூட உடற்பயிற்சியும், உள்ளே பொருத்துகிற வளையமும் உண்டு. ஆபரேஷன்தான் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். பயத்துக்கு மருந்து அதுதான். போகாமல் இருப்பது இல்லை.

இனி வரப்போவது கூச்சத்துக்கும் தீர்வாக இருக்கும். எச்.பி.வி. பரிசோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண்ணே ஒரு பஞ்சுக் குச்சியால் தனியாக எடுத்துக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2022 முதல் இந்த வழி எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. நம்மிடம் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிற அந்த அம்மாவின் பையில் இந்தக் குச்சியும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

பேத்திகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2023-ல் புனே சீரம் நிறுவனம் செர்வாவேக் என்ற உள்நாட்டுத் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. 2025 தமிழக பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வருகிறது. நடந்தது இது. 2010-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் ஒரு திட்டத்தில் சில சிறுமிகள் இறந்ததால் எல்லா ஆய்வுகளையும் நிறுத்தினார்கள். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய முறை சரியில்லை என்று நாடாளுமன்றக் குழு கண்டித்தது நியாயம். ஆனால் இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. நடுவில் நின்றதால் இன்னொரு ஆய்வில் பல சிறுமிகளுக்கு ஒரு ஊசி மட்டுமே போடப்பட்டிருந்தது. பத்து வருஷம் கவனித்ததில் அந்த ஒரு ஊசியே நல்ல பாதுகாப்புக் கொடுப்பது தெரியவந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசி போதும் என்று சொல்வதற்கு இந்த இந்தியப் பிள்ளைகளின் கணக்கும் ஆதாரம்.

பிரசவ உதவித்தொகைத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பணம் திரட்டி, பலரிடமும் போராடி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினார். அவருடைய பெயரைப் பேறுகாலத்துக்கு எடுத்துக்கொண்ட நாம், அவருடைய கவலையில் மறுபாதியை மறந்துவிடக்கூடாது.

நம்ம வயதுக்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்கவேண்டும். பலருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஸ்கேனும் சின்னத் திசுப் பரிசோதனையும் அதைச் சொல்லிவிடும். நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஓயாத இடுப்பு வலி, அடியிறக்கம் இவற்றையும் “வயசானா இப்படித்தான்” என்று விடக்கூடாது. தீட்டு நின்றவர்களுக்கு வினிகர் பரிசோதனை அவ்வளவாகச் சரிப்படாது. பாப் அல்லது எச்.பி.வி. பரிசோதனை கேளுங்கள். முப்பது தாண்டிய மகளையும் மருமகளையும் கூடவே அழைத்துப் போங்கள்.

எப்போது என்று யோசிக்கவேண்டாம். பென்ஷனுக்கு நாம் உயிர்ச் சான்று கொடுக்கிற மாதத்தையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று கருவூலத்தில் காட்டப் போகிறோம் அல்லவா? அந்த மாதமே, நமக்குச் சோறு போடுகிறவளும் நன்றாக இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.