யார் அழைக்கலாம்?

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘ஹேக்கரை எப்படிச் சமாளிப்பது?’ என்றுதான். திருடனே வராமல் 5 லட்சம் ஈதர் முடங்கிப்போன கதையை அவர்கள் முதலில் படிக்கட்டும்.

அது நடந்தது பாரிட்டி நிறுவனத்தின் வாலட்டுகளில். பாரிட்டி சாதாரண நிறுவனமல்ல. எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும், கான்ட்ராக்ட் எழுதும் சாலிடிட்டி மொழிக்கு வித்திட்டவருமான கவின் வுட் தொடங்கியது. பலர் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும் மல்ட்டிசிக் வாலட் அதன் தயாரிப்பு. 2017 ஜூலை 19 அன்று அத்தகைய வாலட்டுகளிலிருந்து சுமார் 1,53,000 ஈதர் திருடுபோனது. உரிமையாளரை நியமிக்கும் ஃபங்ஷனை யார் வேண்டுமானாலும் மறுபடி அழைக்க முடிந்ததே காரணம். மறுநாளே திருத்திய கோட் வந்தது. அதன்படி, ஒருமுறை உரிமையாளர் அமைந்துவிட்டால் அந்த ஃபங்ஷனை மறுபடி அழைக்க முடியாது.

திருத்தம் சரிதான். ஆனால், வாலட்டுகள் எல்லாம் நம்பியிருந்த பொது லைப்ரரியும் ஒரு கான்ட்ராக்ட்தானே? அதற்கு உரிமையாளரை யாரும் அமைக்கவில்லை. ஆகஸ்டிலேயே ஒருவர் இதைச் சரிசெய்யச் சொன்னார். வசதிக்கான சின்ன மாற்றம்தானே, பிறகு வரும் அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். நவம்பர் 6 அன்று முன்பின் தெரியாத ஒருவர் உரிமையாளரை நியமிக்கும் அதே ஃபங்ஷனை அழைத்து லைப்ரரிக்கே உரிமையாளரானார். அடுத்து, அதை அழிக்கும் ஃபங்ஷனையும் அழைத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். 587 வாலட்டுகளில் 5,13,774 ஈதர் அப்படியே நின்றுவிட்டது. இருப்பை எவரும் பார்க்கலாம், எடுக்கத்தான் முடியாது.

ஃபங்ஷனை வெளியார் அழைக்கலாமா என்று குறிப்பிடாவிட்டால், ‘அழைக்கலாம்’ என்றே அன்றைய சாலிடிட்டி எடுத்துக்கொள்ளும். 2018இல் வந்த 0.5 பதிப்பு அதைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. கூட்டல் கழித்தலில் எண் எல்லை மீறினால் 0.8 பதிப்பு தானே தடுத்துவிடும். ஆனால், அழைப்பவருக்கு அந்த உரிமை உண்டா என்பது எந்தக் கம்பைலருக்கும் தெரியாது. அதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நேரே, யார், எப்போது, எத்தனை முறை அழைக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டு, கோட் எழுதத் தொடங்குங்கள். லைப்ரரியை ஏற்றும்போதே அதன் உரிமையைப் பூட்டிவிடுங்கள். அழிக்கும் ஃபங்ஷன் எதற்கு என்று பதில் சொல்ல முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். முதல் பதிப்பைவிட, அவசரமாகப் போட்ட திருத்தத்தைத்தான் கடுமையாக ஆடிட் செய்ய வேண்டும். பாரிட்டியில் பெரிய ஓட்டை, அடைக்கப் போன இடத்தில்தான் விழுந்தது.