குருதிப் புற்றை இனங்காணும் பணி திண்டுக்கல்லிலேயே தொடங்க வேண்டும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் துறையில் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு என்னும் ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களைப் பற்றியிருந்தது அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா. குருதிப் புற்றுகளுள் மிக விரைந்து உயிர் பறிப்பதாக மருத்துவர்கள் அஞ்சிய வகை அது. குருதி உறையும் ஒழுங்கே குலைந்து, நோய் தெரிந்த சில நாள்களில் மூளைக்குள் குருதி கசிந்து இறந்தவர் பலர். மருத்துவர் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி அந்த 72 பேரில் 86 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. மூன்றாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ அதே அளவினர் உயிரோடிருந்தனர்.

நம் மரபு வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த பொருளே இந்த மருந்து. சீன மருத்துவர்கள் இதற்கு வழிகாட்டினர். ஏழை நோயாளிக்கு இது ஒன்றே போதுமா என்ற கேள்வியை வேலூர் எடுத்துக்கொண்டது. ஆயினும் இம்மருந்து எல்லாக் குருதிப் புற்றுக்கும் உரியதன்று. 15ஆம் குரோமோசோமின் துண்டும் 17ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறிப் பிறக்கும் ஒரு பிழையான மரபணு எவரிடம் உள்ளதோ, அவருக்கே அது மருந்து. மற்றவருக்கு அது நஞ்சு. ஆகவே அந்த நோயாளிகளைக் காத்ததில் மருந்துக்கு உள்ள பங்கு, இன்ன வகை என்று முதலில் உறுதிசெய்த ஆய்வுக்கூடத்துக்கும் உண்டு. அந்தப் பங்கு பேசப்படுவதே இல்லை. நோய் தீர்த்த மருத்துவரை ஊர் வணங்குகிறது. கண்ணாடித் தகட்டில் அணுக்களைப் பார்த்துப் பிரித்துச் சொன்னவரின் பெயரை நோயாளிகூட அறிவதில்லை.

வகைப்படுத்தல் என்பது ஏட்டுக் கல்வி என எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறு. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரித்தானிய ஆய்வாளர் எழுவர் கூடி, நுண்ணோக்கியில் தெரியும் உருவையும் சாயம் ஏற்கும் தன்மையையும் கொண்டு தீவிரக் குருதிப் புற்றுகளுக்கு ஒரு பொது வரையறை வகுத்தனர். அதுவரை ஒரு மருத்துவமனையின் முடிவை இன்னொன்றின் முடிவோடு ஒப்பிடவே உறுதியான வழியில்லை. பின்னர் அணுவின் மேற்பரப்புப் புரதங்களும் குரோமோசோம் மாற்றங்களும் சேர்ந்தன; 2001இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாடு வந்தது. 2022இல் அதன் புதிய பதிப்போடு போட்டியாக வேறொரு பன்னாட்டு வகைப்பாடும் வெளியாகிவிட்டது. அறிஞர்களின் இப்பிளவு சிறிய ஊர் மருத்துவமனைகளுக்குத் தேவையற்ற சுமை என்பதே நம் கருத்து.

தமிழ்நாட்டுக்கு வகைப்படுத்தும் பணி புதிதன்று. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர் சாந்தா குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு கண்டார். அந்நிலையத்தார் சிறாரின் நிணவணுப் புற்றை வகைபிரித்து நோக்கியபோது, மேலை நாடுகளில் குறைவாகக் காணப்படும் டி-அணு வகை இங்கே மிகுதியாயிருப்பதைக் கண்டனர். பிறர் நாட்டுக் கணக்கை அப்படியே நம் பிள்ளைகள்மேல் ஏற்ற முடியாது என்று அது உணர்த்தியது. சென்னையும் மும்பையும் தில்லியும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு இணைந்து ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. முன்பு ஐந்தில் ஒரு குழந்தைகூடப் பிழைப்பது அரிதாயிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கும் நிலை வந்தது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளிக்கோ நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துப் பெண்ணுக்கோ மழைக்காலத்தில் காய்ச்சல் வருகிறது. பல் ஈறில் குருதி கசிகிறது. தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. குருதி எண்ணிக்கை எடுத்தால் தட்டணு குறைந்திருக்கிறது, வெள்ளணுவும் குறைந்திருக்கிறது. டெங்கு என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் முடிவு கட்டுகின்றனர். பெரும்பாலும் அது டெங்குவாகவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன ப்ரோமைலோசைட்டிக் வகையும் பல நேரங்களில் இதே எண்களோடுதான் வருகிறது. எண்ணும் இயந்திரம் இரண்டையும் பிரித்துக் காட்டும் என்று நம்பியிருக்க இயலாது. பிரித்தறியத் துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, லீஷ்மன் சாயமிட்டு, பயின்ற ஒருவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அணுவுக்குள் கத்தைக் கத்தையாய் நுண்ணிய கோல்கள் கிடந்தால் அந்தக் கண் ஏமாறாது. இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. தகடும் சாயமும் மலிவு. அரியது பயின்ற கண்ணும், பார்த்தே தீரவேண்டும் என்ற ஒழுங்கும்.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்துத் தட்டணு குறைந்த எவருக்கும், இயந்திரத்தின் எண்ணோடு நின்றுவிடாமல் தகடு பார்க்கப்பட வேண்டும். இதை மாவட்டமெங்கும் கட்டாய விதியாக்க வேண்டுகிறோம். அந்தக் கோல்கள் கண்ணில் பட்ட அன்றே, மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், வைட்டமின் ஏ வழிவந்த ஆட்ரா என்னும் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. காத்திருக்கும் நாள்களில்தான் மரணம் நிகழ்கிறது. ஆகவே அம்மாத்திரை திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். ஆண்டுக்குச் சிலருக்கே தேவைப்படும் மருந்தை இருப்பு வைப்பது வீண் என்று கணக்கர் கூறக்கூடும். தீயணைப்பு வண்டியை நாம் அப்படிக் கணக்கிடுவதில்லை.

2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை உண்டு, ஆசிரியர் உண்டு, மாணவர் உண்டு. தகடு பார்க்கும் பயிற்சி அங்கிருந்தே வட்டார மருத்துவமனைகளுக்குப் பரவலாம். குரோமோசோம் சோதனையும், அணுவின் மேற்பரப்புப் புரதங்களைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அத்தகைய கூடங்கள் மிகுந்த மாதிரிகளைப் பார்த்தே திறம் பெறுகின்றன. எலும்பு மச்சையை ஓரிரு நாளுக்குள் சோதித்தாக வேண்டும். பிந்தினால் அணுக்கள் மடிந்துவிடும். மதுரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். இரவு வண்டியில் சென்னை ஒரே இரவுப் பயணம். மாதிரி பயணம் செய்யட்டும், நோயாளி படுக்கையில் இருக்கட்டும். இன்று பல குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. நகையை அடகு வைத்து, குருதி கசியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வகை என்னவென்று கேட்பதற்காகவே தாய் ஊர் ஊராக அலைகிறாள்.

வகையை அறிவதன் பயனுக்கு இன்னொரு சான்றும் உண்டு. குருதிப் புற்றின் நாட்பட்ட மைலாய்டு வகையில் பிலடெல்பியா குரோமோசோம் 1960இல் கண்டறியப்பட்டு, நாற்பதாண்டு கழித்து அதைக் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதன் காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிசு மருந்து நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான மாத்திரைக்கு வழி அடைபடாமல் நின்றது. மாத்திரை இருந்தும் நோயின் வகை தெரியாவிட்டால் அதனால் யாருக்குப் பயன்?

திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புற்றுநோய் ஆய்வில் உலகப் பெயர் ஏற்கெனவே உண்டு. அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையமும் அடையாறு நிலையமும் இணைந்து இம்மாவட்ட ஊர்களில் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தின. அதன் துணையோடு, 2000இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனை ஆய்வு, எளிய அசெட்டிக் அமிலச் சோதனையே இறப்பை 35 விழுக்காடு குறைத்ததை 2007இல் உலகுக்குக் காட்டியது. பெரிய கருவி ஏதுமின்றி, பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணும் தவறாத பதிவும் கொண்டு இந்தச் சமவெளி செய்த சாதனை அது. அந்தப் பதிவு மரபு குருதிப் புற்றுக்கும் முழுமையாக நீள வேண்டும். ‘லுகீமியா’ என்று ஒற்றைச் சொல்லில் முடியும் பதிவு இனிக் கூடாது. எந்த வகை, எந்தச் சோதனையால் உறுதியானது, முதல் காய்ச்சலிலிருந்து உறுதியான நாள்வரை எத்தனை நாள் என்பவை ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதப்பட வேண்டும். இக்கணக்கை மாவட்ட ஆட்சியரும் மருத்துவக் கல்லூரி முதல்வரும் ஆண்டுதோறும் மக்கள்முன் வெளியிட வேண்டும். தகடு பார்க்கும் பயிற்சிக்கும், மாதிரி எடுத்துச்செல்லும் குளிர்பெட்டிக்கும், ஆட்ரா இருப்புக்கும் வரும் நிதியாண்டிலேயே தனித் தொகை ஒதுக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.