பழுதையும் அச்சில் ஏற்றுவோம்

காற்றாலை என்றாலே பெரிய கம்பெனி, பெரிய படிப்பு என்றுதான் நினைக்கிறோம். டென்மார்க்கில் கதையே வேறங்க. இன்று உலகெங்கும் காற்றாலை விற்கும் வெஸ்டாஸ், முன்பு விவசாயக் கருவிகள் செய்த கம்பெனி. போனஸ் என்ற இன்னொரு கம்பெனி, பாசனக் கருவி செய்தவர்களிடமிருந்து வந்தது. எண்ணெய் நெருக்கடி வந்தபோது, தெரிந்த இரும்பு வேலையையே காற்றுப் பக்கம் திருப்பிச் சின்னச் சின்னதாக ஆரம்பித்தார்கள்.

ஜெர்மனியோ 1983இல் அரசுப் பணத்தில் 'குரோவியான்' என்ற 3 மெகாவாட் ராட்சதக் காற்றாலையை ஒரேயடியாக நிறுத்தியது. அது சில நூறு மணி நேரம்தான் ஓடியது, 1988இல் பிரித்துவிட்டார்கள்.

டென்மார்க்கில் காற்றாலை வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். 1978இல் சங்கம் வைத்தார்கள். எந்தக் காற்றாலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எது பழுதாச்சு என்று சங்கப் பத்திரிகையில் மாதாமாதம் போட்டார்கள். கம்பெனிகள் குறையை மறைக்க முடியாது. அடுத்த மாடலில் திருத்தியே ஆகணும். இப்படித் தேறிய போனஸின் 11 காற்றாலைகளைக் கொண்டுதான், 1991இல் விண்டபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அமைந்தது. 25 வருஷம் ஓடியது. பிற்பாடு அதை நடத்திய அரசு எண்ணெய்-எரிவாயுக் கம்பெனி, 2017இல் எண்ணெய்த் தொழிலையே விற்றுவிட்டு 'ஓர்ஸ்டெட்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வாராக்கடன் கோப்பில்தான் உண்மையான பாடம் இருக்கும். அதை யாரும் எழுதி வைக்கலைன்னா, அதிகாரி மாற்றலாகும்போது பாடமும் கூடவே போயிடும்.

நம் கூட்டங்களில் "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்று சொல்ல மைக் பிடிக்க ஆள் இருக்கு. "பஞ்சகவ்யா தெளிச்சும் குருத்துப்பூச்சி நிக்கலை" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ரசாயனக்காரர் சிரிப்பாரே என்ற கூச்சம். ஆனால் வெற்றிக்கதையை மட்டும் கேட்டு இறங்குகிற புது விவசாயி, இரண்டாம் வருஷமே கடனோடு யூரியாவுக்குத் திரும்பிவிடுகிறார். சிரிப்பைவிட இந்த நஷ்டம் பெரிசு.

ஒவ்வொரு வட்டாரக் குழுவும் ஒரு நோட்டுப் போடட்டும். மண், பட்டம், ரகம், கொடுத்த இடுபொருள், செலவு, மகசூல், எங்கே சறுக்கியது என்று எல்லாம் அதில் ஏறட்டும். நம் இதழும் மாதம் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்கட்டும். பழுதை அச்சில் போட்டதால் டென்மார்க்கில் காற்றாலை நின்று போகலீங்க; அதனால்தான் நிலைத்தது.