வைத்திய ஆராய்ச்சியும் நாமும்



சென்ற மாதம் ஒரு தோட்டத்துக் கிளைக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், பால்மரம் வெட்டும் ஓர் அம்மையார் தம் காலைக் காட்டினார். கட்டைவிரலில் ஆறாத புண். அவருக்குப் பத்து வருஷமாக இனிப்பு நீர். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறதாம்.

"ஏன் அம்மா நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். வீட்டுக்குள் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஏதோ பொடி. விலை 90 வெள்ளி. 'விஞ்ஞான ஆராய்ச்சியால் நிரூபிக்கப்பட்டது' என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. "ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது என்று போட்டிருக்கிறதே ஐயா, பொய்யாகவா போடுவார்கள்?" என்றார் அம்மையார்.

பக்கத்தில் இருந்த கிராணி சிரித்தார். "இந்த ஆராய்ச்சியெல்லாம் இப்படித்தான் சார். இன்றைக்குக் காப்பி நல்லது என்பான், நாளைக்குக் கெடுதல் என்பான். நான் எதையுமே நம்புவதில்லை" என்றார்.

அம்மையார் அச்சில் கண்ட எதையும் நம்புகிறார். கிராணியார் எதையும் நம்ப மறுக்கிறார். இருவருக்கும் குறை ஒன்றுதான். ஆராய்ச்சி என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அது டாக்டர்மாருடைய சமாசாரம், நமக்கு விளங்காது என்று நாமும் இருந்துவிட்டோம். விளங்காத சமாசாரம் அல்ல என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன். அதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. அதில் நம்மவர் சோற்றுப் பானைக்கும் பங்கு உண்டு.

புழுங்கல் அரிசியின் கதை

நூறு வருஷங்களுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற கொடிய வியாதி இருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது. கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈய லம்பங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். கிருமியால் வருகிறது என்றார் ஒரு வைத்தியர். இடத்தின் தோஷம் என்றார் இன்னொருவர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த டாக்டர் பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களுக்கு இந்த வியாதி அநேகமாக வருவதில்லை. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. ஆகவே அரிசியில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

இதை நிரூபணம் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. தமிழருக்கும் சீனருக்கும் இடையே அரிசி ஒன்றா வித்தியாசம்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, மற்ற ஆகாரமும் வேறு. எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். அங்கிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறுபக்கம். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 120 பேர். கட்டடத்தில் தோஷம் இருக்குமோ என்ற ஐயம் தீர, பாதி வருஷத்தில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை. முடிவு என்ன? வெள்ளை அரிசி உண்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் அந்த வியாதியால் ஒருவர்கூட மாளவில்லை.

இதன் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை நடத்தினார்கள். அங்கும் வெள்ளை அரிசி உண்ட பிரிவிலேயே வியாதி வந்தது. பிரிவுகளுக்கு அரிசியை மாற்றிக் கொடுத்தபோது வியாதியும் மாறிச் சென்றது. அரிசியைத் தீட்டும்போது கழிகிற தவிட்டில் உயிருக்கு வேண்டிய சத்து ஒன்று போய்விடுகிறது என்று தெரிந்தது. அதைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே அதைக் காத்து வந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரிசியே காரணம் என்று சொன்ன டாக்டர் பிராடன், கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சுதான் வியாதியைத் தருகிறது என்று நினைத்தார். அது தவறு. இருந்த நஞ்சால் வந்த வியாதி அல்ல, இல்லாத சத்தால் வந்த வியாதி. ஆனாலும் அவர் சொன்னதில் சரியான பாதி சோதனையில் நிலைத்தது, தவறான பாதி உதிர்ந்தது. ஆராய்ச்சி என்பது இதுதான். பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக எதுவும் அதில் நிலைப்பதில்லை.

நமக்குத் தெரிந்த வித்தைதான்

மரம் வெட்டுகிற தோழருக்கு இது புதிதா? பட்டையில் பூசினால் பால் கூடும் என்று ஒரு மருந்தைத் துரை கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிரையில் இருக்கும் மரங்களுக்கு மட்டும் பூசி, "பார், பால் கூடிவிட்டது" என்றால் ஒப்புக்கொள்வோமா? ஒரே வயது, ஒரே இனம், ஒரே நிரை; ஒரு மரத்துக்குப் பூசு, அடுத்த மரத்தை விடு, பிறகு இரண்டின் பாலையும் அளந்து பார் என்போம். பிளெச்சர் செய்ததும் அதுவே. நமக்கு இந்த அறிவு உண்டு. மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே யாராவது 'ஆராய்ச்சி' என்று சொன்னால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டீர்கள்? "நூறு பேர் குடித்தார்கள், எண்பது பேருக்கு முட்டிவலி போயிற்று" என்றால் அது கணக்கே அல்ல. குடிக்காத நூறு பேரில் எத்தனை பேருக்கு வலி தானாகப் போயிற்று என்று சொன்னால்தான் கணக்கு.

இரண்டாவது கேள்வி: எத்தனையில் எத்தனை? 'பாதியாகக் குறைக்கும்' என்பார்கள். ஆயிரத்தில் இருநூறு நூறாவதும் பாதிதான், ஆயிரத்தில் இரண்டு ஒன்றாவதும் பாதிதான். இரண்டும் ஒன்றாகுமா?

மூன்றாவது கேள்வி: சோதித்தது யார்? விற்கிறவரே சோதித்து, அவரே சான்றும் எழுதினால், தராசும் அவருடையது, படியும் அவருடையது.

இந்தக் கேள்விகளை ஆஸ்பத்திரி மாத்திரையிடமும் கேட்க வேண்டும். கேட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் இனிப்பு நீர் புதிதாகக் கண்ட 3,867 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள். மற்றப் பிரிவுக்கு முக்கியமாக ஆகாரக் கட்டுப்பாடு. ஏறக்குறைய பத்து வருஷம் கவனித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுவது இறுக்கிப் பிடித்த பிரிவில் கால் பங்கு குறைந்தது. எத்தனையில் எத்தனை? ஆயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் தளர்ந்த பிரிவில் 11.4, இறுகிய பிரிவில் 8.6. இது மாயாஜாலம் அல்ல. ஆனால் இந்த வியாதி ஒரு வருஷத்தோடு போவதும் அல்ல. வருஷா வருஷம் மிஞ்சுகிற அந்த இரண்டு மூன்று பேரில் நம் தாயாரும் ஒருவராக இருக்கலாம்.

அந்தப் பொடிக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா? டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எண்கூட இல்லை. சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் இல்லை. பாரம்பரிய மருந்து என்று விற்கப்பட்ட சில சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சே கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதை உண்டால் வலி போகும், பசி எடுக்கும், உடம்பு தேறியதுபோல் தோன்றும். இரத்தத்தில் சர்க்கரையோ ஏறும். இனிப்பு நீர்க்காரருக்கு இதைவிடத் தீங்கு வேறு வேண்டுமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு, "புழுங்கல் அரிசி உண்டால் இனிப்பு நீரும் வராது" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது பெரிபெரிக்குச் சோதித்த சோதனை. ஒவ்வொரு பேச்சுக்கும் அதற்குரிய சோதனை தனியே வேண்டும்.

கிராணியாருக்கு ஒரு வார்த்தை

காப்பி விஷயத்தில் ஆராய்ச்சிகள் மாறி மாறிப் பேசியது உண்மைதான். ஏன் மாறியது? பழைய ஆராய்ச்சிகள் பல, காப்பி குடிப்பவரையும் குடிக்காதவரையும் வெறுமனே பார்த்துக் கணக்கெடுத்தவை. அந்நாளில் காப்பி அதிகம் குடித்தவர்களில் பலர் சிகரெட்டும் பிடித்தார்கள். சிகரெட் செய்த தீங்கு காப்பியின் தலையில் விழுந்தது. பின்னால் அதைப் பிரித்துப் பார்த்தார்கள், முடிவு மாறியது. பற்று வரவில் பிழை கண்டால் கிராணியார் திருத்துகிறார். அதனால் கணக்கு எழுதுவதே வீண் என்பாரா? திருத்த மறுக்கிற கணக்கைத்தான் நம்பக்கூடாது.

யாரைக் கேட்டார்கள்?

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. கோலாலம்பூர் விடுதியில் வரிசையில் நின்றவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களால் விளங்கிச் சொல்லியிருக்க முடியுமா? மாண்ட 18 பேரும் தாம் எதற்காக அந்த அரிசியை உண்கிறோம் என்று அறியாமல் மாண்டார்கள். ஜாவானியத் தொழிலாளரும் ஒப்பந்தக் கூலிகள். வாயில்லாதவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய அறிவு இது. அதைப் பயன்படுத்தும் நாம், மறுபடி அப்படி நடக்க விடக்கூடாது.

1947-ல் நூரம்பர்க் விதிகளும் 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனமும் மனிதனின் சம்மதத்தை வற்புறுத்தின. இன்று நம் நாட்டில் ஆட்களை வைத்து வைத்திய ஆராய்ச்சி செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விவரத்தை விளங்கும் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். இடையில் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக உங்களுக்குரிய வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. ஆகவே தோட்டத்திற்கு வந்து இரத்தம் எடுக்கிறவரைக் கண்டு ஓடவும் வேண்டாம், நிர்வாகம் அனுப்பியது என்று கேள்வியில்லாமல் கையை நீட்டவும் வேண்டாம். எதற்கு, யாருக்கு, முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கிளைகள் செய்ய வேண்டியது

2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி இந்நாட்டு வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மூன்று பெரிய இனங்களில் மிக அதிகம் நம் இந்தியரிடையேதான். சம்பளத்துக்காகவும் வீட்டுக்காகவும் போராடுகிற சங்கம், கால் இழந்து வேலை இழக்கும் உறுப்பினரைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் அரை மணி நேரம் சுகாதாரத்திற்கு ஒதுக்குங்கள். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஒருவரை அழைத்துத் தமிழில் பேசச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் வந்த வைத்தியச் செய்தியை உரக்கப் படித்து, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். படித்த கிராணிமார் சிரிப்பதை விட்டு, படிக்காத தோழருக்கு டப்பாவில் உள்ளதைப் படித்துச் சொல்லட்டும். அதுவும் தொழிற்சங்க வேலைதான்.

அந்த அம்மையார் மறுநாளே கிளைச் செயலாளருடன் ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கூட்டிப்போக வண்டி கொடுத்தவர் அதே கிராணியார்தான்.