கைக்கே முதலிடம்

தண்டுவடத்தில் காயமுற்றவர் மீண்டும் நடப்பாரா என்பதே பலரும் கேட்கும் முதற்கேள்வி. கழுத்தில் அடிபட்டு, கைகால் நான்கும் செயலிழந்தவர் வேறொன்றைக் கேட்கிறார்: தம் கையால் தாமே உண்ண முடியுமா? 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர், முதலில் மீள வேண்டியது கையே என்றனர். அவர்கள் கூற்றே சரியெனக் கருதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பண்டகசாலையில் மூட்டை தூக்குவதும், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் நம்மவர் துணி துவைத்துத் தேய்ப்பதும் கையின் உழைப்பன்றோ?

மூளையின் கட்டளை தண்டுவடத்தின் வழியே கையைச் சென்றடைகிறது. காயம் அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஆயினும் பலருக்குச் சில நரம்பிழைகள் அறுபடாமல் எஞ்சியிருக்கும். அவற்றின் வழியே வரும் கட்டளைக்குத் தசையை இயக்கும் வலிமை போதாது. கழுத்தின் பின்புறத் தோலில் மின்முனைகளை ஒட்டி மின்னோட்டம் செலுத்தினால், அந்நரம்புகள் விழிப்புற்று மெலிந்த கட்டளைக்கும் இணங்குகின்றன. இதற்கு அறுவை தேவையில்லை.

2024ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' இதழில் இச்சிகிச்சை குறித்த ஆய்வொன்று வெளிவந்தது. அறுபது பேர் முதலில் இரண்டு மாதம் கைப்பயிற்சி மட்டும் பெற்றனர். அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின் தூண்டலும் பெற்றனர். நூற்றுக்கு 72 பேருக்குக் கையின் வலிமையும் செயல்திறனும் கூடின. காயமுற்று 34 ஆண்டுகள் கழிந்தவரும் பயன் பெற்றார். எனினும், தூண்டல் பெறாத தனிக்குழு இவ்வாய்வில் இல்லை. எனவே பயன் முழுவதையும் மின்சாரத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது.

கருவியே கையைத் தூக்கிவிட்டது போல எழுதுவோர் இதனை மறக்கின்றனர். கிண்ணத்தைப் பற்றுதல், சாவியைத் திருப்புதல் போன்ற செயல்களை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை மீளும். அதற்குப் பயிற்சிக்கூடமும் இயன்முறை மருத்துவரும் வேண்டும்.

நமக்கு வடக்கே, வைப்பின் தீவிலுள்ள செராயில் பிறந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் காயமுற்று, அவர் கால்கள் செயலிழந்தன, கைகள் பிழைத்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார்! 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியதும் அவரது முயற்சியாலேயே.

அத்தகைய பயிற்சிக்கூடங்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகிலேயே அமைய வேண்டும். கூலி இழந்த குடும்பம் மாதக்கணக்கில் நெடுந்தொலைவு சென்று வருவது எங்ஙனம்? கருவி முதலில் வரட்டும் என்பர் சிலர். அதுவரை அசையாதிருக்கும் விரல்களின் மூட்டுகள் இறுகிவிடும். பின்னர்க் கருவி வந்தாலும் அவ்விரல்களை நீட்டுவது அரிது.